பாதி மூடி

அம்பத்தூர் எஸ்டேட்டில் மழை விட்டிருந்தது.
மூன்றாம் ஷிப்ட்.
டிபாகர் உலை விளிம்பில் நின்று
கசடை ஒதுக்குகிறான்.
டீக்கடையில் பாலாடை ஒதுக்குகிற மணிக்கட்டு அவனுக்கு.
மீட்டர் ஆயிரத்து நானூற்றுப் பத்து காட்டுகிறது.
இன்னும் நாற்பது ஏற வேண்டும்.

என் மேஜை ஓரத்தில்.
ஒரு கரண்டி இரும்பு வரும்.
ஆப்பு வடிவ அச்சில் அது உறைந்ததும்
தண்ணீரில் முக்கி, சம்மட்டியால் உடைத்து
முறிவைப் பார்ப்பேன்.
சாம்பல் நிறமென்றால் நல்லது.
நுனியைத் தாண்டி வெள்ளை ஏறியிருந்தால்
சட்டென்று உடைகிற சாதி.
ஏழு வருடமாக இதுதான் ஜீவனம்:
உடைத்துப் பார்த்துவிட்டு உடையாது என்று கையெழுத்துப் போடுவது.

மழைக்காலத்தில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு.
ஈர இரும்பு உள்ளே போகக் கூடாது.
இந்த விதியை யாரும் சுவரில் எழுதவில்லை,
இளவழகனின் இடது காது இருந்த இடத்தில் படித்துக்கொள்ளலாம்.
அரை டம்ளர் தண்ணீர் போதும்,
உலை எழுந்து கூரையைத் தொடும்.
அதனால் டார்ச்சோடு இறங்கிக் குவியலைக் கிளறுகிறேன்:
பிரேக் டிரம்கள்,
பம்புசெட்டின் வயிறுகள்,
மூடிப்போன ஜிம்மின் எடைத்தட்டுகள்,
தையல் மெஷினின் ஒற்றைக் கால்,
அதனடியில்
பாதி மூடி.

சாக்கடை மூடி, மல்லாந்து கிடந்தது.
விலாக்களுக்கு நடுவே தேங்கிய நீரில்
யார்டு விளக்கு மிதந்தது.
சாய்த்துக் கொட்டிவிட்டு
துருவைத் தேய்த்தேன்.
நாலு, நாலு, ஒன்று.
அடுத்த இலக்கம் முறிவோடு போய்விட்டது,
மிஞ்சிய கோடு ஒன்றோ ஏழோ.

குபேரன் எடை மேடையிலிருந்து கத்தினார்:
இருபத்தெட்டு கிலோ மேடம், எவன் போட்டானோ!
போட்டவனைத் தெரியாது, வார்த்தது நாம்தான் என்றேன்.
சிரித்தார்.
ரசீதில் இருபத்தெட்டு என்றே எழுதினார்.

பழைய ரிஜிஸ்டரை எடுத்தேன்.
4411, மூடி. 4417, மூடி.
இரண்டு ஹீட்டுக்கும் எதிரே "சரி",
இரண்டுக்கும் கீழே எம். பிலோமினா.
ஒன்றில் என் பேரின் கடைசி எழுத்து
வரியை விட்டுக் கீழே ஓடியிருந்தது.
அன்றைக்குத் தூக்கமோ, கடைசி பஸ்ஸோ.

எங்கள் தெருவில் நாலு மாதமாக மூடி கிடையாது.
முதலில் முருங்கைக் கிளை நட்டார்கள்,
பிறகு கால் போன நாற்காலி,
இப்போது ஒரு கட்சிக்கொடி.
நடுவில் ஒரு மழை இரவு, கிளையும் சாய்ந்திருந்தபோது
நூர்ஜமீலா அக்காவின் ஸ்கூட்டர் உள்ளே இறங்கியது.
கையில் தகடு, ஆறு ஸ்க்ரூ.
திருடிட்டுப் போயிட்டாங்க என்றுதான் எல்லாரும் சொன்னோம்,
நான் கொஞ்சம் சத்தமாகவே.

முறிவில் துரு படிந்திருந்தது. துரு எதையும் சொல்லாது.
சம்மட்டியை எடுத்தேன்.
மூன்றாவது அடியில் ஒரு மூலை பிய்ந்தது.
டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன்.
நடுவில் நல்ல சாம்பல்.
ஓரத்தில்
ஓர் அரிசி அகலத்துக்கு வெள்ளை.

அளவுக்குள்தான்.
படிவத்தில் இரண்டு அரிசி வரை இடம் உண்டு.
படிவம் எழுதியவர்
எங்கள் தெருவில் லாரி திரும்புவதைப் பார்த்தவரில்லை.

அந்தத் துண்டுகளை உலை விளிம்பில் காயவைத்தோம்.
ஈரம் சீறி அடங்கியது.
இருபத்தெட்டு கிலோவும் உள்ளே போனது.
இலக்கமும் ஊர்ப்பெயரும்
விலாக்களும் கரைவதற்கு
ஒரு பீடி நேரம்கூட ஆகவில்லை.

கரண்டி வந்தது. உறைந்தது. உடைத்தேன்.
ஓரத்தில் அதே அரிசி.

டிபாகர் கட்டைவிரலை உயர்த்திக் காத்திருக்கிறான்.
அச்சுகள் வரிசையாக வாய் திறந்திருக்கின்றன.
நாற்பது மூடி, காலையில் லோடு.
கரண்ட் ஓடுகிறது மேடம் என்கிறார் சூப்பர்வைசர்,
ஒவ்வொரு நிமிஷமும் காசு.

பேனாவை மூடினேன்.
பெர்ரோசிலிக்கான் இரண்டு கைப்பிடி போடச் சொல்லி,
இன்னொரு கரண்டி என்றேன்.